பின்சுவர் யாருக்கு

எலியேசருக்கு வேண்டியது ஒரு சுவர்தான். அதற்காக ஐந்து ஸ்பீக்கர் வாங்க வேண்டியிருந்தது.

முன்னறையின் பின்சுவரை மறைத்துக்கொண்டு மச்சான் வில்ஃப்ரிதோவின் பிக்கோ நின்றது. பரங்கிய்யா நகரத்தில் பிக்கோ இல்லாத தெருவும் கிடையாது, பிக்கோவால் சண்டை வராத சனிக்கிழமையும் கிடையாது. ஆட்டம் பாட்டத்துக்குத் தெருவில் வைக்கிற ஸ்பீக்கர் பெட்டி. பீரோவை விடப் பெரிசு. வில்ஃப்ரிதோவின் பெட்டியின் முகப்புப் பலகையில் பச்சையும் ஆரஞ்சுமாக மினுங்குகிற ஒரு தேள் வரைந்திருந்தது; பெட்டிக்கே பேர் தேள். தன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, மழை விடும்வரை இருக்கட்டும் என்று அக்கா வீட்டில் கொண்டுவந்து இறக்கினான். எத்தனையோ மழை வந்து விட்டும் போய்விட்டது. தேள் அறையில் பாதியைத் தின்றது. மீதிப் பாதியில் எலியேசரும் அவன் மனைவி ஓசிரிஸும் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து டிவி பார்த்தார்கள்.

எடுக்கச் சொன்னால் ஒரே பதில்தான்.

"இது எங்கம்மா கட்டின வீடு மச்சான். நீங்க வீட்டோட மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்கு நாற்காலி உண்டு, சுவரு கிடையாது."

எலியேசருக்கு ரோடு உடைக்கிற வேலை. பகல் முழுக்க அந்த மிஷினை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிற்க வேண்டும். உடம்பு அதிர்ந்து அதிர்ந்து, வீடு வந்து தட்டைப் பிடித்தாலும் கை நடுங்கும். காது பாதி போயிற்று. ஊர் ரோட்டையெல்லாம் துளைக்கிறவனுக்குத் தான் படுத்து எழுகிற வீட்டில் ஓர் ஆணி அடிக்க உரிமை இல்லை. 

வழி கண்டவள் ஓசிரிஸ்.

"ஹோம் தியேட்டர் வாங்கு. அதுல ரெண்டு ஸ்பீக்கர் நமக்குப் பின்னாடி இருக்கணும். சத்தத்துக்குன்னு இடம் கேட்டா என் தம்பி மறுக்க மாட்டான். பிக்கோக்காரனுக்கு அது மானப் பிரச்சினை."

வில்ஃப்ரிதோ மறுக்கவில்லை. ஆனால் நிபந்தனை போட்டான்.

"ஸ்பீக்கரை நான்தான் பாப்பேன். நான் சரின்னு சொன்னா என் தேள் வெளிய போகும். குப்பைக்கெல்லாம் அது எடம் விடாது."

அந்தப் பேட்டையில் அது புதிதல்ல. பிக்கோக்காரன் தலையாட்டாமல் யாரும் ஸ்பீக்கர் வாங்குவதில்லை. எலியேசர் ஒத்துக்கொண்டான்.

சனிக்கிழமை காலை மச்சான்கள் இருவரும் கடைக்குப் போனார்கள். உள்ளே குளிர் அறையில் சோபா போட்டு, டிவியைச் சுற்றி ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். வில்ஃப்ரிதோ சோபாவைத் திரும்பியும் பார்க்கவில்லை. முதல் பெட்டியைத் தூக்கிக் கடைவாசலில் தெருவைப் பார்க்க வைத்தான். பாட்டைப் போடச் சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து, எண்ணெய்ச் சட்டியில் முட்டை அரேப்பா என்கிற சோள அடை பொரித்துக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் போய் நின்றான். உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டான். சத்தம் நெஞ்சில் இடிக்கிறதா என்று பார்க்கிறான். பழக்கதோஷம், எலியேசரும் பின்னாலேயே போய் நெஞ்சில் கை வைத்து நின்றான்.

விற்கிற பையன் யாமித் வாசலில் நின்று கத்தினான். "அண்ணே, இது வீட்டுக்குள்ள வைக்கிறது. உள்ள உக்காந்து கேளுங்க."

"ஸ்பீக்கர் எப்படிக் கேக்கணும்னு எனக்கே சொல்லித் தர்றியா தம்பி? போய் அடுத்ததைக் கொண்டா."

முதலாவது கொசுப் பாட்டு என்றான். இரண்டாவதைக் குருவிக்கூடு என்றான். மூன்றாவது இடித்த இடியில் அரேப்பாக்காரி கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். போகிற பஸ்ஸிலிருந்து ஒருவன் தலையை நீட்டினான். எலியேசரின் உள்ளங்கை துள்ளியது.

வில்ஃப்ரிதோ விரலை ஆட்டினான். "ம்ஹூம். சவசவன்னு இருக்கு."

சொல்லும்போது உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது. எலியேசருக்கு அப்போதுதான் உறைத்தது. இடியையே இறக்கி வைத்தாலும் இவன் சரி என்று சொல்லப்போவதில்லை.

திரும்பி ரோட்டைக் கடந்து உள்ளே போய் சோபாவில் உட்கார்ந்தான். "தம்பி, நீ குருவிக்கூடுன்னு திட்டு வாங்கினியே, அந்த செட்டைப் போடு."

ஏதோ படம். ஒருத்தி புருஷனிடம் அடித்தொண்டையில் என்னவோ சொன்னாள். டிவிக்குக் கீழே இருந்த நடுப்பெட்டியிலிருந்து அது ஒவ்வொரு சொல்லாக அவன் காதில் விழுந்தது. வீட்டிலென்றால் 'என்ன சொன்னா?' என்று ஓசிரிஸைக் கேட்டிருப்பான். அவள் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த நாலு பேச்சு போயிருக்கும். பின்னால் கதவு திறந்தது. திரும்பிப் பார்த்தான். கதவு எதுவும் இல்லை, சுவரில் கையளவு ஸ்பீக்கர்தான்.

"இதைக் கட்டு" என்றான்.

வில்ஃப்ரிதோ வாசலில் வந்து நின்றான். "தெருவுல நின்னா இது இருக்கறதே தெரியாது."

"நான் தெருவுல உக்காந்து படம் பாக்கப் போறதில்ல."

"நான் சரின்னு சொல்லல மச்சான். அப்ப தேள் நகராது."

"நகர வேண்டாம்."

வில்ஃப்ரிதோவுக்கு அந்தப் பதில் பிடிபடவில்லை. தோளைக் குலுக்கிக்கொண்டு அரேப்பா தின்னப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் எலியேசர் துளைபோடும் மிஷினை எடுத்தான். முன்பெட்டிகள் மூன்றையும் டிவிப் பக்கம் வைத்தான். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, தேளின் வலது இடுக்கியில் ஒரு துளை, இடது இடுக்கியில் ஒரு துளை. மரத்தூளும் பச்சைப் பெயிண்டும் தரையில் உதிர்ந்தன. ஓசிரிஸ் அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"பின்னாடி மாட்டணும்னு நீதானே சொன்ன. பின்னாடி இதுதான் இருக்கு."

தாங்கியை வைத்து, எவ்வளவு முறுக்கினாலும் கழலாதபடி போல்ட்டை உள்பக்கமாக இறுக்கினான். ரோட்டு வேலைக்காரன் இறுக்கம். சின்ன ஸ்பீக்கர் இரண்டும் தேளுக்குப் புதுக் கொப்புளம் மாதிரி உட்கார்ந்தன.

மத்தியானம் கேலி பண்ண வந்த வில்ஃப்ரிதோ நிலைப்படியிலேயே நின்றுவிட்டான். 

"யாரு செஞ்சது இது?"

"வீட்டோட மாப்பிள்ளை" என்றான் எலியேசர், எழுந்திருக்காமல். "சுவருதான் கிடையாதுன்னு சொன்ன. பலகையப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

"அக்கா, பாத்துக்கிட்டா நின்ன?"

ஓசிரிஸ் வாயைத் திறப்பதற்குள் அவன் பாய்ந்து ஒரு ஸ்பீக்கரைப் பிடித்து இழுத்தான். பலகை நெறுநெறுத்தது. தேளின் கால் ஒன்று கீறி எழும்பியது. இழுத்தால் தேளே பிய்ந்துவிடும் என்று கையை எடுத்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது, ஆனால் அதை யாரும் பார்க்கக்கூடாதென்று திரும்பி வெளியே போனான்.

நாலு ஆளோடு வந்தான். அவர்கள் மூச்சுப் பிடித்துப் பிக்கோவைத் தூக்கினார்கள். அது சின்ன ஸ்பீக்கர்களோடும் ஒயரோடும் நிலையில் இடித்து வெளியே போயிற்று. தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது.

"அந்த ரெண்டும் என்னோடது" என்றான் எலியேசர்.

"வந்து கழட்டிக்கங்க. ஆம்பளையா இருந்தா வாங்க." பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னான். "இனி இந்தப் படி ஏற மாட்டேன். நான் செத்தாலும் நீ வர வேண்டாம்."

அவன் போனபின் பின்சுவர் தெரிந்தது. பெட்டி நின்ற இடத்தில் பழைய நீலம் கட்டமாக மங்காமல் இருந்தது, ஓரமெல்லாம் ஒட்டடை. எலியேசர் நாற்காலியைச் சுவரில் முட்டும்வரை பின்னுக்கு இழுத்துப் போட்டு, இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்தான். நடுப்பெட்டி பேசியது. பின்னால் ஒரு சத்தமும் வரவில்லை.

"ரெண்டு ஸ்பீக்கர் போச்சு" என்றாள் ஓசிரிஸ்.

"போகட்டும். சுவரு கிடைச்சுதில்ல."

"எனக்கு இருந்தது ஒரே தம்பி."

 படத்தில் யாரோ பேசிக்கொண்டே போனார்கள், எல்லாமே தெளிவாகக் கேட்டது. ஓசிரிஸ் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அறையின் மறுகோடியில் போட்டு உட்கார்ந்தாள். இப்போது அதற்கு இடம் இருந்தது.