மாதாவின் காலடியில் ஒரு போத்தல்

தக்கை பாதியில் முறிந்தது. மிச்சத்தைக் கத்தி முனையால் கிண்டி எடுத்து, போத்தலை மூக்கருகே கொண்டுபோன மரினா முகத்தைத் திருப்பினாள். வைன் புளித்துப்போயிருந்தது. காடி! அசல் காடி!

முன்னறையில் கிடக்கும் அப்பா யேசுரட்ணம் இன்றைத் தாண்டமாட்டார் என்று தாதி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். காலையில் அவர் கேட்டது இதைத்தான். "அந்தப் போத்தலை உடை பிள்ளை. ஒரு துளி."

நோர்பரியில் வைன் கடையொன்றில் இருபத்தாறு வருடம் வேலைக்கு நின்ற மனிதர். பேர்கண்டி என்ற பிரெஞ்சு வைனின் தரப்படிகளைச் செபமாலை போல ஒப்புவிப்பார்: அடியில் வெறும் பேர்கண்டி, அதற்கு மேல் ஊர்ப்பெயர் போட்டது, பிறகு பிறீமியே குறூ, உச்சியில் கிறான் குறூ. நத்தாருக்கு நத்தார் பாலன் பிறப்புப் பூசை முடிந்து வந்து அவர் குடித்ததென்னவோ அடிப்படிதான். உச்சிப்படியில் ஒரேயொரு போத்தல், மரினாவின் கலியாணத்துக்கென்று வாங்கியது. கலியாணம்தான் சரிவரவில்லை. அம்மா பியற்றிஸ் அதைப் பத்திரமாக மாதா சுரூபத்தின் காலடியில் வைத்தாள். நேர் கீழே ஹீற்றர். பதினெட்டுக் குளிர்காலம் வெந்த வைன் வேறென்ன ஆகும்?

கல்வாரியில் சிலுவையில் தொங்கியவருக்குக் கொடுத்ததை அப்பாவின் உதட்டில் வைப்பதா? மரினா காடியைத் தொட்டிக்குள் கவிழ்த்தாள். அலுமாரியில் கிடந்த நத்தார் பேர்கண்டியை அதே போத்தலில் ஊற்றினாள்.

பஞ்சுக்குச்சியை நனைத்து நாக்கில் தடவினாள். அப்பா கண்ணை மூடிச் சுவைத்தார்.

"இஞ்சாருங்கோ, எப்பிடி இருக்கு?" அம்மா குனிந்து கேட்டாள்.

"கிறான் குறூ, பியற்றிஸ்."

அம்மா முகம் மலர்ந்து, மெழுகுதிரி எடுக்க உள்ளே போனாள். அப்பா மரினாவின் விரலைப் பிடித்தார்.

"இது நத்தார்ப் போத்தல்தானே?"

மரினா கதவுப் பக்கம் பார்த்தாள். "அது பழுதாப் போச்செண்டு தெரியுமோ அப்பா?"

"தெரியும். அம்மா ஆசையா வைச்ச இடம். எடு எண்டு சொல்ல மனம் வரேல்லை." மூச்சு வாங்கினார். "நான் போனாப் பிறகு அவ உடைச்சா, பழுதானது தன்னாலதான் எண்டு அழுவா. அதுதான் உன்னட்டைக் கேட்டனான்."

பின்னேரம் நாலு மணிக்கு அடங்கிவிட்டார்.

அம்மா அழுதழுது தமக்கைக்குப் போன் எடுத்தாள். "டொலறஸ் அக்கா, கடைசியா கிறான் குறூ குடிச்சிட்டுத்தான் போனவர்."

போனை வைத்துவிட்டு, ஒருநாளும் வைன் தொடாதவள் கிளாஸொன்றை எடுத்து நீட்டினாள். மரினா ஊற்றினாள்.

"உண்மையா இது அவ்வளவு உசத்தியோ?"

"ஓம் அம்மா. இதுக்கு மேல படி இல்லை."

அம்மா ஒரே மிடறில் விழுங்கி முகத்தைச் சுளித்தாள். பிறகு கிளாஸை மறுபடி நீட்டினாள்.