தம்பி மனைத் தண்ணீர்

தம்பி தன் மனையில் மண் கொட்டி முடித்த அன்று, ஒரு துளி மழையில்லாத கோடையில், பக்கத்திலிருந்த அண்ணன் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. குழாய் எதுவும் உடையவில்லை. கதவு திறந்து கிடந்தும் தண்ணீர் வாசற்படியைத் தாண்டவில்லை. அடக்க ஒடுக்கமாக உள்ளேயே நின்றது. பூட்டு ரிப்பேர் செய்து பிழைக்கும் அண்ணன் வாடகைக்கு மோட்டார் கொண்டுவந்து இறைத்துப் பார்த்தார். தெருவில் விட்ட தண்ணீர் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்து பழைய அளவிலேயே நின்றது. தெருக்காரர்கள் ஓரிரு நாள் வேடிக்கை பார்த்துவிட்டு அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போனார்கள்.

வடிகால் துறை ஓவர்சியர் வந்து, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அளவுகோலை இறக்கினார். அவருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. தெரு முழுக்க வெள்ளப் பகுதி. அதிலேயே தாழ்வானது தம்பி மனை. மழைக்காலத்தில் தண்ணீர் தங்க வேண்டிய இடம் அது. டயர் கிடங்கு கட்டுவதற்காக அதை மேடாக்கியாகிவிட்டது. இடம் போனது தெரிந்து தண்ணீர் முன்கூட்டியே வந்து அடுத்த தாழ்வான இடத்தைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான் என்றார். விதி தெளிவாகவே இருந்தது. வெள்ளப் பகுதியில் மண் கொட்டுகிறவர், கொட்டிய அளவுக்குத் தன் மனையிலேயே வேறொரு பக்கம் பள்ளம் வெட்டிவிட வேண்டும். ஆனால் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால்தான் துறை கேட்கும். தானாகப் போய்க் கேட்கிற கெட்ட பழக்கம் அந்தத் துறைக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

அண்ணன் புகார் கொடுக்கக் கிளம்பினார். தடுத்தது அவர் மனைவி. அவளுக்கு நெஞ்சில் சளிக்கோளாறு. ஈரமில்லாத இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று டாக்டர் எப்போதோ கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தாயில்லாத அந்த வீட்டுக்கு அவள் வாழ வந்தபோது தம்பிக்குச் சட்டைப் பித்தான் போடத் தெரியாது. தலை வாரி, சோறு ஊட்டி, பரீட்சைக்குப் பரீட்சை திட்டித் தீர்த்து ஆளாக்கினாள்.

"நான் தூக்கி வளத்த பிள்ளை. அவன் மேல புகார் குடுத்துட்டு நான் மூச்சு விட்டு என்ன பண்ணப்போறேன்?" என்றாள்.

சரி, நேரிலாவது கேட்போம் என்று அண்ணன் போய்க் கேட்டார். பள்ளம் வெட்டினால் லாரி திரும்ப இடமிருக்காது என்று தம்பி தலையைச் சொறிந்தான். அண்ணி வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் நாளைக்கே வெட்டிவிடுவதாகச் சொன்னான். அண்ணி எதையும் கேட்டு வாங்குகிறவள் இல்லை என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

"கேட்டு வாங்க அவன் என்ன கடைக்காரனா? அவனுக்காத் தோணணும்" என்றாள் அவள்.

அவள் கேட்கட்டும் என்று அவனும், அவனுக்குத் தோன்றட்டும் என்று அவளும் இருந்ததில் வருஷங்கள் போயின. கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். அடுப்பு அலமாரிக்கு ஏறியது. மிதந்து போகும் செருப்பைத் துரத்திப் பிடிப்பதே வேலையாகப் போயிற்று என்று அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அந்த இருமல் சுவர் தாண்டிக் கிடங்குவரை கேட்டது. தம்பி கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பான். இந்த சீசன் முடியட்டும் என்று நினைத்துக்கொள்வான். கல்நெஞ்சக்காரன் இல்லை அவன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போடுகிற சாதாரண மனுஷன்தான், அதுதான் வயிற்றெரிச்சல்.

வெளியே எல்லாம் காய்ந்து கிடந்த ஒரு கோடையில் அவள் இறந்தாள். தூக்கி வெளியே கொண்டுவர ஆள் வேண்டியிருந்தது. அதுவரை வாசற்படியிலேயே நின்று பேசிவிட்டுப் போன தம்பி முதல் தடவையாகத் தண்ணீரில் காலை வைத்தான்.

"இவ்வளவு சில்லுன்னா இருக்கும்?" என்று கேட்டான்.

அண்ணன் தலைப்பக்கத்தைத் தூக்க, அவன் கால்பக்கத்தைப் பிடித்துக்கொண்டான்.

காரியமெல்லாம் முடிந்ததும் கிடங்கில் பாதியை இடித்துப் பள்ளம் வெட்டினான். விதி கேட்டதைவிட ஆழமாகவே வெட்டினான். தண்ணீர் அசையவில்லை. அண்ணன் வீட்டு வாசலில் கைகட்டி நின்று, பள்ளத்துக்கு வரச்சொல்லித் தண்ணீரை அழைத்துப் பார்த்தான். அண்ணன் உள்ளேயிருந்து, "விடுடா, எனக்குப் பழகிடுச்சு" என்றார். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தம்பிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஓவர்சியர் பள்ளத்தை அளந்து, எல்லாம் விதிப்படி சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த மழைக்குத் தெருவெல்லாம் வெள்ளம். தம்பியின் பள்ளத்தில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. வெள்ளம் அதன் விளிம்புவரை வந்து, ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனது. மேலேயிருந்து பெய்த மழையும் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் பெய்தது. இன்றைக்கும் அப்படித்தான். மழை தொடங்கியதும் தம்பி குடையை ஓரமாக வைத்துவிட்டுப் பள்ளத்தில் இறங்கி நிற்பான். அவன்மேல் ஒரு துளி படாது. மழை விட்டதும் ஏறிவந்து, அண்ணன் வீட்டுக்குள் போய், முழங்கால் தண்ணீரில் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவான்.