மூன்று தடித்த நட்டுகள்

எஞ்சின் வானத்தில் பறக்க வேண்டியது. நான் கைவைத்த புண்ணியத்தில் தரையிலேயே பறந்தது. மரத்தாங்கியைப் பிய்த்துக்கொண்டு, தகரச் சுவரைக் கிழித்து, வெளியே மரவள்ளிப் பாத்தியில் புரண்டு நின்றது. எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பேட்டையில் குண்டு விழுந்துவிட்டதாகவே அன்று பேச்சு.

அது, ஊரைப் பிடித்திருந்த ஜப்பான் பட்டாளத்தின் கேப்டன் மொரித்தாவின் எஞ்சின். சண்டைக்கு முன் சொந்த ஊரில் சின்ன விமானங்களைத் தானே கட்டிப் பறந்தவராம். இங்கே வந்தும் ஆசை விடவில்லை. கிள்ளானில் ஒரு துரை போட்டுவிட்டு ஓடிய பழைய எஞ்சினைக் கொண்டுவந்து, நாங்கள் குடியிருந்த ரயில் லயத்துக்குப் பின்னாலிருந்த கிடங்கில் மரமும் துணியுமாக ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தார். எஞ்சினைச் சரிசெய்ய ரயில் பட்டறையிலிருந்து இரண்டு ஃபிட்டர்கள்: என் மனைவியின் அண்ணன் கன்னையா, அப்புறம் நான்.

விசித்திரமான எஞ்சின். நடுத்தண்டு அசையாது, சிலிண்டர்கள் எல்லாம் காற்றாடியோடு சேர்ந்து சுற்றும். துருப்பிடித்த மூன்று நட்டுகளுக்குப் பதிலாக நான் புதிதாகக் கடைந்து போட்டிருந்தேன். ரயில்காரன் புத்தி, கனம்தான் பலம் என்று நினைக்கும். மூன்றும் ஒரே பக்கம் வேறு. சுற்றுகிற பொருளுக்கு ஒரு பக்கம் கனத்தால் என்ன ஆகும் என்பதை மரவள்ளிப் பாத்தியில் கற்றேன்.

மொரித்தா வந்தார். கத்தவில்லை. அரைகுறை மலாயில் சொன்னார்: சாயங்காலத்துக்குள் ஓட வேண்டும். ஓடாவிட்டால், கெடுத்தவன் சயாம் ரயில் பாதைக்கு.

எங்கள் லயத்திலிருந்து சயாமுக்குப் போனவர்களில் ஒருவரும் திரும்பியிருக்கவில்லை.

பிறகு கன்னையாவை வெளியே கூட்டிப்போய், கெடுத்தது யார் என்று கேட்டார். அந்த நேரம் நான் இறக்கைக்கு அடியில், விழாத ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"என்ன மச்சான் சொன்னீங்க?" என்றேன், கன்னையா திரும்பி வந்ததும்.

"அரத்தை எடு மாப்ளே."

"என் பேரைச் சொல்லிட்டீங்களா?"

"ஒன் பேரு அவன் வாயில நுழையுமா? அரத்தை எடுன்னா."

பாத்தி ஈரமாக இருந்ததால் எஞ்சினுக்குப் பெரிய அடியில்லை. தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டைகளை அடித்துப் புதுத் தாங்கி நிறுத்தினோம். லயத்து முனையிலிருந்த மைதீன் மளிகைக் கடைத் தராசை இரவல் வாங்கி, ஒரு தட்டில் பழைய நட்டு, மறு தட்டில் என் நட்டு. என் தட்டு தரையில் இடித்தது. அராவினேன், நிறுத்தேன், மறுபடி அராவினேன்.

"அரிசி நிறுத்து எவ்வளவு நாளாச்சோ இந்தத் தராசு. நட்டையாவது நிறுக்கட்டும், பாவம்," என்றார் கன்னையா.

மாட்டிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றி விட்டோம். என் பக்கம் மெல்லக் கீழே வந்து நின்றது. இன்னும் கனம். கழற்றினோம், அராவினோம். விட்ட இடத்திலேயே அது நின்றபோது வெயில் தாழ்ந்திருந்தது.

"தாங்குமா மச்சான்?"

"ஜோரா ஓடும் லா."

மொரித்தா கைகட்டி நின்றார். எஞ்சினுக்கு மசகெண்ணெயாக விளக்கெண்ணெய் ஊற்றினோம். அது வேறெதையும் குடிக்காது. கன்னையா காற்றாடியை இழுத்தார். புகை. மறுபடி இழுத்தார். ஒரு இருமல். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. தாங்கி தடதடத்தது. நான் கிடங்குத் தூணைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடினேன்.

தடதடப்பு அடங்கியது. கண்ணைத் திறந்தால், எஞ்சின் ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. மொரித்தாவின் முகமெல்லாம் அது தெளித்த விளக்கெண்ணெய். "பாகுஸ்!" என்று மலாயில் பாராட்டிச் சிரித்து, கன்னையாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

"இப்பவாவது சொல்லுங்க மச்சான். யார் பேரைச் சொன்னீங்க?"

"என் பேரை."

"ஓடும்னு அவ்வளவு நம்பிக்கையா?"

கட்டைமேல் உட்கார்ந்தார். கையிலிருந்த எண்ணெயை வேட்டியில் துடைத்தார்.

"இல்ல மாப்ளே. ஓடாதுன்னுதான் நெனச்சேன்."