கீழ்த்தட்டுக்குப் போகிறவளுக்கான விதிகள்

1

காலை ஐந்தரைக்கு அலாரம் அடிக்கிறது. விவேகானந்தன் எழும்புகிறான். கேத்திலை அடுப்பில் வைக்கிறான். பாண் வெட்டி மாஜரின் பூசுகிறான். மகள் தர்மினியின் சப்பாத்தைத் துடைக்கிறான். ஆறு ஐம்பதுக்கு இருவரும் கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்கு பஸ் ஏறுகிறார்கள். அவள் நாலாம் வகுப்பில் படிக்கிறாள். அவன் வேறொரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறான்.

கதை இப்படித்தான் தொடங்கியது என்று சொல்ல ஆசை. உண்மையில் அது ஒரு பட்டியலாகத் தொடங்கியது. கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், ‘கப்பலில் தர்மினி செய்யக்கூடாதவை’ என்று தலைப்பு. பதினேழாவது விதியை எழுதும்போது அது ஒரு வாக்கியத்தில் அடங்காமல் நீண்டு கதையாகிவிட்டது.

(விவேகானந்தன் நான்தான். ‘நான்’ என்று எழுதினால் பேனை நிற்கிறது. ஆகவே அவன்.)

2

ஆண்டு தொண்ணூற்றொன்பது. யுத்தம் யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதையை மூடியிருந்தது. போவதென்றால் திருகோணமலைக்குப் போய்க் கப்பலேற வேண்டும். விவேகானந்தனின் மனைவி பத்மாதேவி பதினொரு மாதங்களுக்கு முன் காய்ச்சலில் இறந்திருந்தாள். ஆட்டைத் திவசத்தை, அதாவது முதலாண்டுத் திதியை, அவளுடைய வீட்டில், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் செய்வதாக முடிவாகியிருந்தது.

போய் வந்த மகேந்திரராசா மாஸ்டர்தான் ஆசிரியர் அறையில் வைத்துச் சொன்னார்: அந்தக் கப்பலில் ஆண்களுக்கு மேல்தட்டு, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கீழ்த்தட்டு. பின்னேரம் ஏறினால் விடிந்து இறங்கும்வரை நடுவே உள்ள ஏணிக்குக் குறுக்கே ஒரு சங்கிலி கட்டியிருக்கும்.

“பெண்சாதி இருந்தால் பிரச்சினை இல்லை” என்றார். பிறகு தேத்தண்ணீரைப் பார்த்தார்.

3

முதல் தொடக்கம்: ‘ஒரு குடும்பம் உல்லாசமாகக் கப்பலேறியது. அப்பா மேலே போனார். அம்மாவும் மகளும் கீழே சன்னலோரமாக—’

[கைவிடப்பட்டது. காரணம் கீழே.]

தர்மினி கொப்பியைத் தூக்கி வாசித்துவிட்டாள்.

“ஏனப்பா அம்மாவையும் ஏத்திப்போட்டீங்கள்?”

“கீழ்த்தட்டில உன்னோட இருக்க ஓராள் வேணுமெல்லோ.”

“அப்ப கதையில எனக்கு என்ன வேலை?”

விவேகானந்தன் பேனையை எடுத்தான். பத்மாதேவியை இறக்கினான். ஒரே ஒரு கோடுதான் இழுக்க வேண்டியிருந்தது.

4

இரண்டாம் தொடக்கத்தில் தர்மினி சங்கிலியைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய அழுகிறாள். அதற்கு மகள் சிவப்புப் பேனையால் பெரிய பிழைக்குறி போட்டாள்.

“இப்பிடி நான் அழமாட்டன். இது வேற ஆரோ பிள்ளை.”

உண்மை. கதையின் தர்மினியை என்னாலும் நம்ப முடியவில்லை. அவளுக்கு வயது ஒன்பதுதான்; ஆனால் நான் எழுதியவளுக்கு நாலு வயது.

விதிகள் பற்றிய பேச்சுவார்த்தை மூன்று நாள் நடந்தது. விதி ஆறு: மணிக்கொருதரம் ஏணியடிக்கு வந்து முகத்தைக் காட்ட வேண்டும்.

“நித்திரை கொள்ளேக்கையும் முகத்தைக் காட்டோணுமோ?”

“சரி. இருட்ட முதல் ஒருக்கா.”

“நீங்களும் வந்து நிக்கோணும். நான் மட்டும் வந்து மேல பாத்துக்கொண்டு நிக்கேலாது.”

விதி பதினொன்று: தெரியாத ஆட்களோடு கதைக்கக்கூடாது.

“அங்க எல்லாரும் தெரியாத ஆக்கள்தானே? விடியும் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருக்கவோ?”

அதுவும் போயிற்று.

வாடகை வீட்டின் சொந்தக்காரி சித்தி றலியா (சித்தி என்பது முறையல்ல, பெயர்) கீழ்வீட்டிலிருந்து வட்டிலப்பம் கொண்டுவந்தவர், கதிரையில் கிடந்ததைப் பார்த்து நின்றுவிட்டார். அக்குறணைக் கடையொன்றில் விவேகானந்தன் வாங்கிய காற்றடிக்கும் நீச்சல் வளையம் அது. முன்னால் மஞ்சள் வாத்துத் தலை.*

“எனத்தயன் மாஸ்டர் இது?”

“பாதுகாப்புக்கு.”

“இந்த வாத்தோட போனா நேவிக்காரன் ஒங்களத்தான் புடிச்சு வெப்பான். புள்ள எங்கட கடைக்கெல்லாம் தனியத்தானே பெய்த்து வாற? ஒங்களுக்குத்தான் பயம். வாத்த நீங்க போட்டுக்கோங்க.”

* கப்பலில் அவர்களே மிதவை அங்கி தருவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கினான்.

5

கண்டியில் கடல் இல்லை. ஒத்திகைக்கு வாவிதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வாடகைப் படகொன்றில் ஏறினார்கள். ஏற்பாடு இது: தர்மினி முன்னால், படகுக்காரருக்குப் பக்கத்தில். விவேகானந்தன் பின்னால். ஒரு சுற்று முடியும்வரை ஒருவரோடொருவர் பேசக்கூடாது.

படகு கரையை விட்டது. மதிலோரம் ஆமையொன்று வெயில் காய்ந்தது. தர்மினி அதை எட்டிப் பார்த்தாள். கொஞ்சம்தான் எட்டினாள். விவேகானந்தன் எழுந்து இரண்டடி வைத்தான். படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

“வாடிவென்ன மாத்தயா!” என்று படகுக்காரர், உட்காரச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினார்.

நின்ற இடத்திலேயே அவன் குந்தினான். காற்சட்டை நனைந்தது. தர்மினி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பேசக்கூடாது என்பது விதியல்லவா? கரைக்கு வந்தபிறகுதான் வாயைத் திறந்தாள்.

“அப்பா, கப்பல் கவிழ்ந்தால் உங்களாலதான் கவிழும்.”

அன்று பின்னேரம் எஞ்சியிருந்த விதிகளை ஒவ்வொன்றாக வெட்டினான். கடைசியில் ஒன்றுதான் மிஞ்சியது: இருட்டுமுன் ஏணியடியில், இருவரும்.

6

முடிவுகள் மூன்று எழுதிவைத்திருக்கிறேன்.

அ) கடல் கொந்தளிக்கிறது. விவேகானந்தன் சங்கிலியைத் தாண்டிக் கீழே பாய்கிறான். (பாய்ந்திருக்க மாட்டான். ஏறி அரை மணியில் கப்பலாட்டம் தாங்காமல் சத்தி எடுத்து, முன்பின் தெரியாத ஒருவரின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தான்.)

ஆ) அவனைக் கடற்படையினர் விசாரிக்க, மகள் ஏணியடியில் காத்து நிற்கிறாள், அப்போது— (இல்லை. இதை எழுதமாட்டேன். இப்படி நடந்த வீடுகளை எனக்குத் தெரியும்.)

இ) கீழே அவளுக்கு அம்மாவைப் போல ஒருத்தி கிடைக்கிறாள். (நல்ல முடிவுதான். ஆனால் அதை எழுத வேண்டியவள் தர்மினி. அவள் எழுதவில்லை.)

பதற வேண்டாம். கப்பல் போய்ச் சேர்ந்தது. திவசம் முடிந்தது. நாங்கள் கண்டிக்குத் திரும்பி மூன்று கிழமை. அவள் அடுத்த அறையில் நீளவகுத்தல் செய்கிறாள், பிழையாகச் செய்கிறாள்.

ஏறும்போது அவள் தலையில் நான் போட்டுவிட்ட றப்பர் பட்டி. இறங்கும்போது இறுக்கமான இரட்டைப் பின்னல். ஆர் பின்னியது என்று கேட்டேன். “அது கீழ்த்தட்டு விசயம்” என்றாள். கீழ்த்தட்டில் நடந்ததை வாசகர் எழுதிக்கொள்ளலாம். எனக்கு அந்தப் பக்கம் அனுமதி இல்லை.

கப்பலேறியதும் ஏணியின் மேற்படியில் நாங்கள் பிரிந்த இடம் மட்டும் எனக்குத் தெரியும். அங்கே அவள், ‘கவலைப்படாதேங்கோ அப்பா’ என்று சொன்னதாக மூன்று பிரதிகளில் எழுதியிருக்கிறேன். ஒன்றில் முத்தமும் தருகிறாள். எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். சங்கிலியை அவிழ்த்தார்கள். அவள் ஒரு படி இறங்கித் திரும்பினாள். உண்மையில் சொன்னது இவ்வளவுதான்:

“அப்பா, கையை விடுங்கோ. பின்னால ஆக்கள் நிக்கினம்.”