மனிதராக இருக்க வாய்ப்பு

"பேரை நீங்களே தட்டுங்க. என் கையில ஊசி இருக்கு" என்றாள் என் மனைவி.

தட்டினேன். வீடியோ போடும் கணக்கின் பெயரைக் கொடுத்தால் போதும், அதற்கு எவ்வளவு செல்வாக்கு, அது எத்தனை பேரைச் சென்றடைகிறது, பின்தொடர்பவர்களில் எத்தனை பேர் நிஜம் என்று பத்து நொடியில் சொல்லிவிடுமாம் அந்த இணையதளம். முற்றிலும் இலவசம் என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தது. இலவசமாக வரும் உண்மையை யாரும் கேட்டு வாங்கக் கூடாது என்பது இப்போது என் கருத்து. அப்போது கருத்தெல்லாம் இல்லை, பயம் மட்டும்தான்.

அவள் பத்தொன்பது வருடம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருந்தவள். தொழிற்சாலையை மூடிய பிறகு, கிழிந்த துணியைச் சரிசெய்வது எப்படி என்று வீடியோ போட ஆரம்பித்தாள். காலரைத் திருப்பித் தைப்பது, பல் போன ஜிப், பாக்கெட் ஓட்டை. முகம் வராது, கை மட்டும்தான் வரும். எட்டு மாதத்தில் இருநூற்றுச் சொச்சம் பேர் சேர்ந்தார்கள். ஒருநாள் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரி இருக்குங்க" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு வாரம் தையல் மெஷின் மேல் போர்த்திய துணியை எடுக்கவே இல்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோனதை மேலே ஏற்றுவதுதான் எனக்குத் தெரிந்த வேலை. பின்தொடர்பவர்களை விலைக்கு விற்கிறார்கள் என்று லிஃப்டுக்குள் இரண்டு பேர் பேசிக்கொண்டதைக் கேட்டு, அன்றே இரண்டாயிரம் பேரை வாங்கி அவள் கணக்கில் சேர்த்துவிட்டேன். மறுநாள் காலை அவள் மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். பாட்டுகூட முணுமுணுத்தாள். நல்லது செய்த திருப்தியில் நான் ஒரு வருடம் நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்புறம்தான் ஒரு தையல்நூல் கம்பெனி வந்தது. தங்கள் நூலை வைத்து வருடம் முழுக்க வீடியோ போடக் கேட்டார்கள். ஒப்பந்தத்துக்கு முன் இந்த மாதிரி ஏதாவதொரு தளத்தின் அறிக்கையை அனுப்பச் சொன்னார்கள்.

பத்து நொடி ஆனது. செல்வாக்கு, நூற்றுக்குப் பதினொன்று. பின்தொடர்பவர்கள் இரண்டாயிரத்து அறுநூறு. அதில் போலி என்று சந்தேகப்படுபவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். கீழே பொடி எழுத்தில் ஓர் அறிவுரை: போலிகள் மலிந்த கணக்கின் வீடியோக்கள் உண்மையானவர்களுக்கும் அதிகம் காட்டப்படுவதில்லை.

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு அதை இரண்டு முறை படித்தாள்.

"அதான் ஒரு வருஷமா யாருக்குமே போய்ச் சேரலையா? நான் என் கைதான் சரியில்லன்னு நெனச்சேன்."

அது எனக்கு வலித்தது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

"யாரோ வேணும்னே பண்ணியிருக்காங்க. உங்க அக்காவா இருக்குமோ?"

என் அக்காவுக்கு ஃபோனில் வெளிச்சத்தைக் கூட்டக்கூடத் தெரியாது. "இருக்காது" என்றேன். அக்கா மேல் பழி அப்படியே நின்றது.

அறிக்கையைப் பார்த்த நூல் கம்பெனிப் பெண் மாதக் கடைசி வரை தவணை கொடுத்தாள். கணக்கைச் சுத்தம் செய்து புது அறிக்கை அனுப்ப வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். இலவசத்தில் அந்தத் தளம் ஒரு நாளைக்கு நூறு போலிகளைத்தான் காட்டும். ஒவ்வொன்றையும் கையால்தான் நீக்க வேண்டும். தினமும் நான் வேலை முடிந்து வந்ததும் என் ஃபோனில் பட்டியலைப் பார்த்துப் பெயரைப் படிப்பேன். அவள் தன் ஃபோனில் தேடி நீக்குவாள். தப்பான தையலைப் பிரிப்பது போல, பதறாமல், ஒன்று விடாமல். பன்னிரண்டாம் நாள் யாரோ ஒரு பெண், ஜிப் வீடியோவின் கீழ் ஒரு சந்தேகம் கேட்டிருந்தாள். என் மனைவி அதற்கு நான்கு வரியில் பதில் எழுதினாள்.

பதினாறாம் நாள் பட்டியலில் எண்பதுக்குப் பிறகு ஓர் எழுத்தும் ஏழு எண்களும் கொண்ட பெயர் வந்தது. அது என்னுடையது. இதற்கெல்லாம் எனக்கு நேரமில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டு நான் ரகசியமாக ஆரம்பித்த கணக்கு. சாப்பாட்டு வேளையில் லிஃப்ட் மெஷின் ரூமில் உட்கார்ந்து அவள் வீடியோ ஒவ்வொன்றையும் சத்தமில்லாமல் பார்ப்பேன். லைக் போட்டால் தெரிந்துவிடும் என்று எதற்கும் போட்டதில்லை. அந்தப் பெயரைத் தாண்டி அடுத்ததைப் படித்தேன்.

முடிந்ததும், "தொண்ணூத்தொம்பதுதான் ஆச்சு" என்றாள். செக்கிங் பிரிவில் இருந்தவளை எண்ணிக்கையில் ஏமாற்ற முடியாது. என் ஃபோனை வாங்கிக் கீழிருந்து மேலே தள்ளிப் பார்த்து, விட்டுப்போன பெயரைத் தன் ஃபோனில் திறந்தாள்.

"படம் இல்ல. பதிவு இல்ல. ஒரே ஒரு ஆளைத்தான் பின்தொடருது, அதுவும் என்னை. மனிதராக இருக்க வாய்ப்பு நாலு சதவீதமாம். இதை ஏன் விட்டீங்க?"

"அது நான்."

நிமிர்ந்து பார்த்தாள். "தெனமும் பாப்பீங்களா?"

"ஒண்ணு விடாம."

அவள் முகத்தில் சிரிப்பு மெல்ல வந்தது. பாதியில் நின்றது.

"அப்போ மத்த ரெண்டாயிரம் பேர்?"

என் கணக்கு அவள் ஃபோனில் திறந்திருந்தது. நீக்கு என்ற சொல்லுக்கு ஒரு நூலிடை மேலே அவள் கட்டைவிரல். திரை மங்கியது. அது அணைந்துவிடாமல் ஓரத்தில் ஒருமுறை தொட்டுவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.