முழங்காலுக்கு எதற்குக் கண் டாக்டர்

ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப்போகும் ஜீப் இந்நேரம் குமுளி மலை ஏறியிருக்கும். தேனி ஆஸ்பத்திரி பெஞ்சில் மகள் திரிஷாவை மடியில் வைத்துக்கொண்டு உமாதேவி பொருமிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் நின்றால் போதும், கங்காணி சங்கிலி அந்த இடத்தில் வேறொருத்தியை ஏற்றிவிடுவான். அப்புறம் வாரம் முழுக்க வீட்டில் கிடக்க வேண்டியதுதான்.

டாக்டர் சொர்ணலதா போன் போட்டுக் கூப்பிட்டதால்தான் வந்தாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு முழங்கால் வீங்கியபோது, ஆராய்ச்சிக்கென்று ரத்தம் எடுத்தவர் அவர். மாத்திரையில் வீக்கம் வடிந்துவிட்டது. பிறகு எதற்கு அலைய விடுகிறார்களோ!

உள்ளே டாக்டரின் முகமெல்லாம் சிரிப்பு.

"நம்ம உடம்பு செல்லுக்கு நடுவுல உட்கரு இருக்கும்மா. அதுக்குள்ள இருக்கிற ஒரு புரதத்தை, எதிரின்னு நெனச்சு திரிஷாவோட ரத்தம் தாக்குது. அது எந்தப் புரதம்னு இப்பக் கண்டுபிடிச்சிட்டோம்."

"அப்ப இனி மாத்திரை வேணாமா டாக்டரம்மா?"

"வேணும்."

"கண்டுபிடிச்சத எடுத்துப்புட வேண்டியதுதான?"

"எடுக்க முடியாதும்மா. அது எல்லார் உடம்புலயும் இருக்கு."

"எல்லார்ட்டயும் இருக்குன்னா எம்பிள்ளைய மட்டும் ஏன் பிடிச்சுச்சு?"

"அது இன்னும் தெரியல."

உமாதேவிக்குத் தலை சுற்றியது. பிள்ளையின் ரத்தமே பிள்ளையை அடிக்குமா? என்ன எழவு நோயோ இது.

"கண் டாக்டர்கிட்டக் காட்டுறீங்கல்ல?" என்றார் டாக்டர்.

"நோவு முட்டியில. கண்ணுக்கு என்னாத்துக்கு? செவப்பில்ல, பீளையில்ல. பஸ்ஸு போர்டெல்லாம் வாசிக்கிறா. கண் டாக்டர் செவ்வாக்கெழமதான் வாராகளாம். செவ்வாக்கெழம ஜீப்ப விட்டுட்டு வந்தா, கங்காணிக்கு யாரு பதில் சொல்றது?"

டாக்டரின் சிரிப்பு போய்விட்டது. "இந்த மாதிரி ரத்தம் இருந்தா, வலிக்காமலே கண்ணுக்குள்ள வீங்கும். முட்டிக்குக் காட்ட வந்த அன்னைக்கே சொல்லியிருப்பாங்களே?"

"இங்கிலீசுல என்னமோ சொன்னாக. மாத்திரைய எப்பக் குடுக்கணும்னு மட்டும் தமிழ்ல சொன்னாக."

டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பினார். கறுப்புத் திரையில் பச்சை வட்டங்கள். "உன் ரத்தத்துல எடுத்த படம்டா" என்று சொல்லி, திரிஷாவின் இடது கண்ணைப் பொத்தினார்.

"பட்டாணி கணக்கா பச்சப் பச்சயா இருக்கு!"

கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினார். திரிஷா கழுத்தை நீட்டினாள். நாற்காலியை விட்டு இறங்கிப் போய்த் திரையைக் கையால் தடவினாள்.

"படத்த ஏன் டாக்டரம்மா எடுத்துட்டீக?"