நீலம் பிடித்த குழாய்

எலிகளோடு பதினோரு வருடம் குப்பை கொட்டியவள் நான். மயக்கத்தில் கிடக்கும் எலியின் கழுத்து ரத்தக்குழாய்க்குள் மெல்லிய கம்பியை விட்டுச் சுரண்டுவேன். காயம் ஆறும்போது குழாயின் தசைச் செல்கள் கண்மண் தெரியாமல் வளர்ந்து வழியை அடைக்கும். அந்தச் செல்களின் மேற்பரப்பில் ஒரு மூலக்கூறு உண்டு. 'வளர்' என்ற கட்டளையைக் கேட்கும் காது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காதைப் பொத்தும் மருந்துதான் எங்கள் ஆராய்ச்சி.

அண்ணனுக்கு இதயக்குழாயில் ஸ்டென்ட் வைத்த எட்டே மாதத்தில், அதற்குள்ளும் இதேபோல் சதை வளர்ந்து அடைத்துக்கொண்டது. அவன் பேருந்து ஓட்டுநர். ஊசியைக் கண்டாலே நடுங்குகிறவனுக்கு பைபாஸுக்குத் தேதி குறித்தார்கள்.

அந்த வாரம் பார்த்துத்தான் பதினான்காம் நாள் முடிவு வந்தது. மருந்து கொடுத்த எலிகளின் குழாய்கள் நுண்ணோக்கியில் அகலத் திறந்திருந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. நேராக அவன் வீட்டுக்கு ஓடினேன். அண்ணி வேலைக்குப் போயிருந்தாள்.

"அடைப்பே இல்லண்ணா! சுத்தமா இல்ல!"

"அப்ப எலிக்குக் குடுத்ததுல எனக்கும் ரெண்டு சொட்டு எடுத்து வை" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். மறுநாளே அவன் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில்தான் தேதியை மாற்றிவிட்டார்கள் என்று அண்ணியிடமும் என்னிடமும் புளுகினான். நாங்களும் நம்பினோம்.

குழாயின் உள்தோல் மூடிவிட்டதா என்று இருபத்தெட்டாம் நாள் நீலச் சாயம் செலுத்திப் பார்ப்போம். மூடிய இடம் வெள்ளையாக இருக்கும், பச்சைப் புண்ணில் நீலம் பிடிக்கும். அதைப் பார்க்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் விதியே இதுதான்.

இருபத்தெட்டாம் நாள் குழாயை நீளவாட்டில் வெட்டி விரித்தேன். முழுக்க நீலம். அடுத்ததும் நீலம். உள்தோல் செல்களுக்கும் அதே காதுதான் இருந்திருக்கிறது. சதை வளரவில்லை, தோலும் மூடவில்லை. இரண்டு எலிகளுக்குப் புண்மேலேயே ரத்தம் உறைந்திருந்தது.

சோர்ந்துபோய் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"எங்க மருந்து சரிப்படலண்ணா. புண்ண ஆறவே விட மாட்டேங்குது."

"அத நம்பித்தான் நான் தேதிய தள்ளி வச்சேன்" என்றான்.

கத்தினேன், கெஞ்சினேன். நாளைக்கே போகிறேன் என்றான். அன்று மாலையே மாரடைப்பு வந்துவிட்டது.

உயிர் தப்பினான். ஆனால் இதயத்தில் பாதி செயலற்றுப் போயிருந்தது. இனி அறுவைச் சிகிச்சையைத் தாங்க மாட்டான், இருக்கிறவரை மாத்திரைதான் என்றார் டாக்டர். நானும் அண்ணியும் கட்டிலருகே நின்றிருந்தோம்.

"ரெண்டு வாரம் முன்னாடியே பண்ணியிருக்கலாமே! யாரு சொல்லித் தள்ளிப் போட்டீங்க?" என்று டாக்டர் அவனிடம் கேட்டார்.

அண்ணி திகைத்துப்போய் அவனைப் பார்த்தாள்.

"யாரும் சொல்லல டாக்டர். எனக்குக் கத்தின்னா பயம்" என்றான் அண்ணன்.

அண்ணி வெடித்துவிட்டாள். கோழை என்றாள், பொய்யன் என்றாள், பிள்ளைகளை நினைத்துப் பார்த்தாயா என்று அழுதாள். அவன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு படுத்திருந்தான். நான் அண்ணியின் முதுகைத் தடவிக்கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை.